கண்ணுக்காக உருளும் சக்கரங்கள்
ஜூஜூவாடி முதல் கிருஷ்ணகிரி வரை ஒரு சாலைப் பயணம்

காலை ஆறு மணிக்கு ஜூஜூவாடி எல்லையில் நின்றால் கர்நாடகம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். அத்திப்பள்ளிப் பக்கமிருந்து கம்பெனிப் பேருந்துகள் வந்துகொண்டிருக்கும். எதிர்ப்பக்கம் காய்கறி மூட்டைகளோடு மினி லாரிகள் பெங்களூருக்கு விரையும். நடுவில் பால் கேன் கட்டிய மொபெட்டுகள். கடைகளில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் கலந்து கேட்கும்.

இந்தக் கூட்டத்தில் சில நாள்களில் தலைக்கவசமும் முதுகுப் பையுமாக சைக்கிள்காரர்கள் வருவார்கள். வண்டியின் பின்னால் ஒரு சின்னப் பதாகை இருக்கும். காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை தேசிய நெடுஞ்சாலை 44-ஐப் பிடித்து வருபவர்களுக்குத் தமிழ்நாட்டின் வாசல் இதுதான். புற்றுநோய், பெண் குழந்தைகளின் படிப்பு, கண் தானம் என்று ஆளுக்கொரு காரணத்தைச் சுமந்து வருகிறார்கள். வழியெல்லாம் அதைப் பற்றிப் பேசுவார்கள். தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டி மருத்துவமனைக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ கொடுப்பார்கள். பார்வைக்காக ஓட்டுபவர்களின் கதையைக் கேட்டால், பெரும்பாலும் அது ஒரு வீட்டுக்குள் தொடங்கியிருக்கும். அப்பாவுக்கோ அக்காவுக்கோ பார்வை போயிருக்கும்.

ஜூஜூவாடியிலிருந்து கிருஷ்ணகிரி வரை 50 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சைக்கிளில் ஒரு காலைப்பொழுது போதும். பார்வையைப் பற்றிப் பேச இந்தச் சாலையைவிடப் பொருத்தமான இடம் குறைவு. இங்கே தொழிற்சாலையும் தோட்டமும் இரண்டுமே கண்ணை நம்பி நடப்பவை.

வீட்டில் தொடங்கிய பயணம்

கண்ணுக்காக வண்டி ஓட்டும் வழக்கத்துக்கு ஒரு பழைய உதாரணம் கனடாவில் இருக்கிறது. ‘ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா’ என்ற பரம்பரை விழித்திரை நோய், முதலில் மாலைக்கண் போலத் தொடங்கும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் ஆகும். இந்த நோய் வந்த குடும்பங்கள் சேர்ந்து 1974-ல் அங்கே ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையை ஏற்படுத்தின. 1979-ல் ஒன்டாரியோ மாகாணத்து மோட்டார்சைக்கிள் ஓட்டிகள் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் திரட்ட ‘ரைட் ஃபார் சைட்’ என்ற பயணத்தைத் தொடங்கினார்கள். கனடாவில் நீண்ட காலமாக நடந்துவரும் மோட்டார்சைக்கிள் அறப்பயணம் அது.

இந்தியாவில் புனேயைச் சேர்ந்த திவ்யான்ஷு கணத்ராவைச் சொல்லலாம். 19 வயதில் ‘கிளாக்கோமா’ என்ற கண் நீர் அழுத்த நோயால் பார்வையை இழந்தவர். 2016-ல் இரட்டை இருக்கை சைக்கிளில் மணாலியிலிருந்து கார்துங் லா கணவாய் வரை போனார். அந்த வகை சைக்கிளில் முன்னால் பார்வை உள்ளவர் ஹேண்டில்பாரையும் பிரேக்கையும் பார்த்துக்கொள்வார். பின்னால் இருப்பவரும் சமமாக மிதிப்பார். பார்வை உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து மலையேறவும் சைக்கிள் ஓட்டவும் அவர் ஓர் அமைப்பையே நடத்துகிறார்.

இந்த இரண்டு நோய்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியவை. தென்னிந்தியாவில் சொந்தத்துக்குள் திருமணம் செய்யும் வழக்கம் இன்னும் இருப்பதால், சில பரம்பரைக் கண் நோய்கள் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. கிளாக்கோமா உள்ளவரின் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். கிளாக்கோமாவில் பெரும்பாலும் வலி இருக்காது. ஓரப் பார்வைதான் முதலில் போகும். நடுப்பார்வை கடைசிவரை நிற்பதால் ஆளுக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது. இருக்கும் பார்வையைச் சொட்டு மருந்தாலோ அறுவை சிகிச்சையாலோ காப்பாற்றலாம். ஆகவே, ஒரு வீட்டில் ஒருவருக்குப் பார்வை போனால் அது அந்த வீட்டில் உள்ள மற்ற எல்லோருக்கும் வந்த அறிவிப்பு.

ஓசூர்: கண்ணை நம்பும் ஊர்

எல்லையைத் தாண்டியதும் சிப்காட். அசோக் லேலண்ட் லாரிகளும் டி.வி.எஸ். வண்டிகளும் உருவாகும் ஊர் இது. இருவர் உட்கார்ந்து போகக்கூடிய டி.வி.எஸ். 50 மொபெட் 1980-ல் இங்கிருந்துதான் வெளியே வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் புல்லுக்கட்டும் பால் கேனும் உர மூட்டையும் ஏறிப் போவது அதன் வழிவந்த வண்டிகளில்தான். டிட்கோவும் டாடா குழுமமும் சேர்ந்து 1984-ல் ஏற்படுத்திய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலையும் இங்கேதான். கடுகளவு திருகாணியைக் கண்ணால் பார்த்துப் பொருத்தும் வேலை அது.

நெடுஞ்சாலையை விட்டு தளி, பாகலூர் பக்கம் திரும்பினால் பசுமைக்குடில்கள். கடல் மட்டத்திலிருந்து 850 மீட்டருக்கு மேல் இருக்கும் இந்த மேட்டு நிலத்தின் குளிர்ந்த இரவுகள் ரோஜாவுக்கு ஒத்துப்போகின்றன. காதலர் தினத்தை ஒட்டி வெளிநாடுகளுக்கும் பெருநகரங்களுக்கும் ‘தாஜ்மஹால்’ போன்ற சிவப்பு ரோஜாக்கள் கட்டுக்கட்டாகப் போகின்றன. இந்திய - இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் அமைந்த கொய்மலர் மகத்துவ மையம் தளியில் இருக்கிறது. பூவைத் தண்டின் நீளம், மொட்டின் பருவம், இதழின் ஓரக் கறை பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். சிலந்திப்பேன் வந்திருக்கிறதா என்று இலையின் அடியைப் பார்க்க வேண்டும். பார்வை கொஞ்சம் மங்கினாலும் முதல் தரம் இரண்டாம் தரத்தில் போய்விடும்.

அதே குடிலில் மருந்தும் தெளிக்கிறார்கள். காற்று வெளியேற வழி குறைந்த இடம். மூக்குக்குத் துணி கட்டுகிறவர்கள்கூடக் கண்ணைத் திறந்தே வைத்திருப்பார்கள். மருந்து தெளிக்கும்போது மூடிய கண்ணாடி போட்டுக்கொள்வது, சைக்கிள்காரர் காற்றுக்கும் பூச்சிக்கும் கண்ணாடி போடுவதுபோல் சாதாரணமாக வேண்டும்.

சூளகிரி: ஒரு குச்சி, ஒரு நாள்

ஓசூரிலிருந்து கிழக்கே போகப் போக நெடுஞ்சாலையின் இருபுறமும் சாமந்தி, முட்டைக்கோஸ், தக்காளி. ராயக்கோட்டைச் சாலையில் திரும்பினால் சானமாவு காடு. ராகி அறுவடைக்காலத்தில் யானைகள் வந்து நிற்கும் இடம். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் ஓசூரை அடுத்துத்தான் இருக்கிறது. நெடுஞ்சாலையிலேயே தொடர்ந்தால் பாறைக் குன்றுகளின் அடியில் சூளகிரி. காற்றே கொத்தமல்லி மணக்கும் ஊர்.

தக்காளிக்குக் குச்சி ஊன்றிக் கயிறு கட்டியிருக்கும் வயல்கள் இங்கே ஏராளம். குனிந்து காய் பறிக்கும்போது குச்சியின் நுனி கண்ணுக்கு நேராக நிற்கும். அறுவடை முடிந்ததும் கிளைச் சாலைகளில் ராகிக் கதிரையும் கொள்ளுச் செடியையும் பரப்பி, வண்டிகள் ஏறிப் போகவிட்டுத் தாள் அடிப்பார்கள். சக்கரம் கிளப்பும் உமியும் தூசியும் சைக்கிள்காரரின் கண்ணிலும் விழும், களத்தில் நிற்பவரின் கண்ணிலும் விழும். சைக்கிள்காரர் கண்ணாடி போட்டிருப்பார். களத்தில் நிற்பவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

“உமிதான் பட்டுச்சு, ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்பதுதான் வழக்கமான பேச்சு. அந்த இரண்டு நாள்தான் ஆபத்து.

கண்ணின் முன்பக்கத்தில் கண்ணாடி போல இருக்கும் கருவிழியில் ஒரு கீறல் விழுந்தால், அதன் வழியே கிருமி நுழைகிறது. வயலில் படும் கீறலில் பூஞ்சாணமும் நுழையும். 1994-ன் முதல் மூன்று மாதங்களில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குக் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேருக்கு, அதாவது மூன்றில் இரண்டு பேருக்கு, முன்பு கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாதிக்குப் பாதி பூஞ்சாணத்தால் வந்த புண். இது ஆறினாலும் கருவிழியில் வெள்ளைத் தழும்பை விட்டுப் போகும். பூ விழுந்தது என்று கிராமத்தில் சொல்வது இதைத்தான்.

நேபாளத்தின் பக்தபூரில் நடந்த ஓர் ஆய்வு, நேரத்தின் மதிப்பைத் துல்லியமாகக் காட்டியது. கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்குக் கிராம சுகாதாரத் தொண்டர்கள் விலை குறைந்த கிருமிக்கொல்லிக் களிம்பு ஒன்றைப் போட்டார்கள். கீறல் பட்ட 18 மணி நேரத்துக்குள் வந்தவர்கள் 284 பேர். அவர்களில் ஒருவருக்குக்கூடப் புண் வரவில்லை. 18 முதல் 24 மணி நேரத்துக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு வந்தது. ஒரு நாள் கழித்து, இரண்டாம் நாளில் வந்த 49 பேரில் 14 பேருக்குப் புண் வந்துவிட்டது. ஒரே களிம்புதான். காலையில் அடிபட்டு அன்றே போனவருக்கும், மறுநாள் சந்தை முடித்துவிட்டுப் போனவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

நீளமான அறப்பயணங்கள் திரட்டும் பணத்தால் செய்ய முடியாத வேலை இது. சூளகிரியில் அடிபட்டவர் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வண்டியைத் திருப்ப வேண்டும். அவ்வளவுதான்.

சர்க்கரையும் விழித்திரையும்

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கப்பட்டது இந்தக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுக்கும் திட்டம். ராகிக் களியும் நடையுமாக இருந்த ஊர்களில் இன்று ஷிஃப்ட் வேலையும் அரிசிச் சோறும் பைக் பயணமும். சர்க்கரை நோய் நகரத்தோடு நின்றுவிடவில்லை.

மாத்திரை வீட்டுக்கு வந்தாலும், கண்ணைக் காட்ட ஆள்தான் போக வேண்டும். சர்க்கரை நோய் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். அதுவும் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. ஆண்டுக்கு ஒருமுறை, கண்மணியை விரியவைக்கும் சொட்டு மருந்து போட்டு விழித்திரையைப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த மருந்து போட்டால் சில மணி நேரம் பார்வை கலங்கும், வெயில் கூசும். அதனால் தனியாக மொபெட்டில் போகாமல் துணைக்கு ஆளோடு போவது நல்லது.

மேலுமலை: சரிவில் தெரியும் உண்மை

சூளகிரியைத் தாண்டிக் கிருஷ்ணகிரியை நோக்கிப் போகும்போது மேலுமலை வருகிறது. ஓசூர் மேட்டு நிலம் இறங்கும் இடம். சைக்கிள்காரர்களுக்கு மிதிக்காமலே பறக்கும் பாதை. ஆனால் பிரேக்கை நம்பாத லாரிகளும் கூடவே இறங்கும். விபத்துகளுக்குப் பெயர் வாங்கிய சரிவு. பகலில் இறங்குபவர்கள் சாலையோரத்தை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராகப் போவார்கள். விவரம் தெரிந்தவர்கள் இரவில் இறங்குவதில்லை.

ஆனால் இந்தப் பக்கத்து விவசாயிகளில் பலர் இரவில்தான் போகிறார்கள். ராயக்கோட்டை தக்காளி மண்டிக்கும் ஓசூர் பூச்சந்தைக்கும் விடியுமுன் போய்ச் சேர வேண்டும். எதிரே வரும் வண்டியின் விளக்கு பூப்பூவாகச் சிதறித் தெரிகிறது, சாலையின் வெள்ளைக் கோடு மறைகிறது என்று சொல்பவர்கள், விளக்கைத்தான் குறை சொல்வார்கள். அது கண்புரையின் ஆரம்பமாகவும் இருக்கலாம். “புரை முத்தட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்” என்று காத்திருந்த காலம் போய்விட்டது. வேலைக்கும் வண்டி ஓட்டவும் இடைஞ்சல் என்றால் அப்போதே எடுக்கலாம். அரசு மருத்துவமனைகளில் பார்வை இழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் செயற்கை லென்ஸோடு இலவசமாகவே செய்கிறார்கள்.

கிருஷ்ணகிரி: ஐந்து சாலைகள், ஒரு மாம்பழம்

சரிவு இறங்கியதும் வெயில் மாறிவிடும். காற்றில் ஓசூரின் குளிர்ச்சி இருக்காது. மலைக்கோட்டையின் அடியில் கிருஷ்ணகிரி. சென்னை, சேலம், பெங்களூரு, திருவண்ணாமலை, குப்பம் என்று சாலைகள் பிரியும் சந்திப்பு. ஊரைத் தாண்டினால் தென்பெண்ணையின் குறுக்கே 1950-களில் கட்டப்பட்ட அணை. அதற்கப்பால் காவேரிப்பட்டணம், பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம், மாங்கன்றுக்குப் பெயர் போன சந்தூர். மா விளைச்சலில் தமிழ்நாட்டின் முதல் வரிசை மாவட்டம். கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெங்களூரா, சாப்பிட நீலம், செந்தூரா, அல்போன்சா, மல்கோவா.

தொரட்டியோடு அண்ணாந்து காய் பறிப்பவரின் கண்ணில் சருகும் பூச்சியும் விழும். காம்பு ஒடியும்போது பீய்ச்சும் மாம்பால் தோலையே புண்ணாக்கும். கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். ஒரு சாதாரண பாதுகாப்புக் கண்ணாடி இரண்டையும் தடுக்கும். பறித்த பழம் கண்ணுக்கு நல்லது செய்யும் என்பதும் உண்மை. மஞ்சள் சதைப் பழத்திலும் முருங்கைக்கீரையிலும் இருக்கும் சத்து உடலில் வைட்டமின் ஏ ஆகிறது. குழந்தைகளுக்கு மாலைக்கண் வராமல் காப்பது அதுதான்.

கண்ணுக்காக ஓட்டுபவர்கள் திரட்டும் பணம் எங்கே போய்ச் சேரும் என்று கேட்பவர்கள், இங்கிருந்து சேலம் சாலையில் நேரே தெற்கே பார்க்கலாம். அதே 44-ம் எண் சாலை மதுரைக்குப் போகிறது. வடமலாபுரம் கிராமத்து விவசாயியின் மகனான டாக்டர் கோ.வெங்கடசாமி, முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்த நிலையிலும் ஒரு லட்சத்துக்கு மேல் கண் அறுவை செய்தவர். அரசு வேலையில் ஓய்வு பெற்ற பின், 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கொடுக்க முடிந்தவரின் கட்டணத்தில் முடியாதவருக்கும் சிகிச்சை என்ற கணக்கில் அது வளர்ந்தது. 1992-ல் லென்ஸையும் மதுரையிலேயே தயாரிக்கத் தொடங்கியதால் அதன் விலை குறைந்தது. அந்த மருத்துவமனையை அவரோடு சேர்ந்து கட்டியவர்கள் அவருடைய தம்பி தங்கைகளும் அவர்கள் குடும்பத்தாரும்தான்.

சந்திப்பில் தேநீர் குடித்துவிட்டு சைக்கிள்காரர்கள் தர்மபுரி பக்கம் கிளம்பிவிடுவார்கள். அவர்களுக்கு இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தேநீர்க்கடையில் அவர்களிடம் பேசியவர்களுக்கு ஒரு வேலைதான் மிச்சம்: வீட்டில் யாருக்குப் பார்வை போயிற்று, எதனால் போயிற்று என்று விசாரித்து, மற்றவர்களை ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டிவிடுவது. அதற்கு நெடுந்தூரம் ஓட்ட வேண்டியதில்லை.

கேள்வி - பதில்: விவசாயியின் கண்

கண்ணில் உமியோ இலையோ பட்டால் முதலில் என்ன செய்வது?
சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். கசக்காதீர்கள், துணி நுனியால் நோண்டாதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதுவும் வேண்டாம். உறுத்தலோ சிவப்போ தொடர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடலாமா?
வேண்டாம். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு உடனே குறைந்ததுபோல் தெரியும். ஆனால் பூஞ்சாணப் புண்ணை அது வேகமாகப் பரப்பிவிடும்.

பூச்சிமருந்தோ சுண்ணாம்போ கண்ணில் தெறித்தால்?
மருத்துவமனைக்கு ஓடும் முன், இமையைத் திறந்து பிடித்து, குறைந்தது 15 - 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சுண்ணாம்புத் துகள் ஒட்டியிருந்தால் கழுவும்போதே அதையும் அகற்றுங்கள். மருந்து டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள்.

அப்பாவுக்கு கிளாக்கோமா. எனக்குப் பார்வை நன்றாக இருக்கிறது. பரிசோதனை தேவையா?
கட்டாயம் தேவை. பார்வை நன்றாக இருக்கும்போதே கண்டுபிடிப்பதில்தான் பயன். கண் அழுத்தம், பார்வை நரம்பு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். உடன்பிறந்தவர்களையும் அழைத்துப் போங்கள்.

கண்ணாடி போட்டவர், புரை எடுத்தவர் கண் தானம் செய்யலாமா?
செய்யலாம். இறந்த 6 மணி நேரத்துக்குள் கருவிழியை எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அருகில் உள்ள கண் வங்கிக்கோ அரசு மருத்துவமனைக்கோ உடனே தகவல் சொல்லுங்கள்.